யதுஷாவின் காதுக்கு ஒரு பெட்டி

பனிச்சங்கேணி
19.01.2025

உதயரூபனுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற கடிதமில்லை இது. உங்களைக் கொண்டுபோன பிறகு ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பார்க்க வருவதில்லை என்றும் இருக்கிறேன், அதில் மாற்றமில்லை. பிள்ளைக்காக மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளத்தில் யதுஷாவின் காதுக் கருவி இரண்டும் நனைந்தபோது கிளினிக் மிஸ் போனில் என்ன சொன்னா? "திறக்க வேணாம், துடச்சு அப்பிடியே கொண்டு வாங்க" என்றா. நீங்கள் கேட்டீர்களா? "நான் எத்தின ரி.வி. திறந்தவன், இதென்ன பெரிய சாமான்" என்று வாசலில் குந்திக்கொண்டு திறந்தீர்கள். உப்புக் களப்புத் தண்ணீர் காயமுதல் பற்றரியைப் போட்டுப் பார்த்தீர்கள். இரண்டும் கருகின. அடுத்த கிழமை பொலிஸ் வந்தது, திருட்டுப் போன்களின் இலக்கத்தை மாற்றிக் கொடுத்தீர்கள் என்று. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதைத் திறந்துவிட வேண்டும் உங்களுக்கு. அது யாருடையது, திறக்கலாமா என்று கேட்கிற பழக்கம் இல்லை.

புதுக் கருவி வர வெயில் காலம் ஆகும் என்கிறார்கள். மிஸ்ஸில் பிழையில்லை, வெள்ளத்தில் நிறையப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. ஆனால் யதுஷாவுக்கு நாலு வயதாகப் போகிறது. "இந்த வயசில சத்தம் நிண்டா பேச்சும் நிண்டிரும், எப்பிடியாவது சத்தத்தக் காதில போட்டுக்கொண்டே இருங்க" என்று மிஸ் சொன்னா. சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஒரு செயலியைப் போனில் போட்டுப் பார்த்தேன். நான் வாயை மூடிய பிறகுதான் சத்தம் வருகிறது, அதுவும் அவளுக்குப் போதாது. ஹெட்போனுக்கு ஒரு அம்ப்ளிபயர் செய்து மைக்கைப் பூட்டினால் கருவி வருமட்டும் சமாளிக்கலாம் என்று மிஸ்தான் சொன்னா.

அவளிடம் இருந்ததே கொஞ்சச் சொல். அதில் மீன் போய்விட்டது. தட்டில் மீனைக் கண்டால் கையை மட்டும் நீட்டுகிறாள். மற்றவையும் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்யாண வீடுகளுக்கெல்லாம் அம்ப்ளிபயர் செய்து கொடுத்தவர் நீங்கள். இதை எப்படிச் செய்வதென்று எழுதுங்கள். நான் செய்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள்.

விதுர்ஷா

*

02.02.2025

விதுர்ஷாவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் விவாகரத்து வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிரித்த பிறகு, அது விவாகரத்தாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது. மீன் என்ற சொல் போய்விட்டதா? அவளுக்கு முதலில் வந்த சொல் அதுதானே.

உடனே பதில் எழுதினேன், அது வெளியே போகவில்லை. அதில் சர்க்கிட் படம் கீறியிருந்தேன். சிறையில் கடிதங்களைப் படித்துப் பார்க்கிற ஐயா என்னைக் கூப்பிட்டு, "இது எந்த மதிலுக்குப் போற வழி?" என்று கேட்டார். எழுத்து மட்டும்தான் எழுதலாம், கோடு கீறக்கூடாது. ஆகவே எழுத்தாலேயே சொல்கிறேன். உனக்கு ரெசிஸ்டர் தெரியாது, வயல் தெரியும். வயல்வெளி வட்டையில் வளர்ந்தவள் நீ. வயலாகவே நினைத்துக்கொள்.

பற்றரிதான் குளம். சிவப்பு வயர் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால். மைக், வொலியூம், ஐசி, ஹெட்போன் நாலும் நாலு வயல். நீ கதைக்கிற சத்தம் மைக்கில் விழும். வொலியூம் என்பது வரம்பில் வெட்டுகிற வக்கடை, எவ்வளவு திறக்கிறாயோ அவ்வளவு போகும். ஐசி வாட்டர் பம்ப். வருகிற கொஞ்சத்தைப் பெருக்கி இறைத்து ஹெட்போனுக்கு விடும். கறுப்பு வயர் வடிச்சல். நாலு வயலிலும் மிஞ்சுகிற தண்ணீர் வடிந்து, கடைசியில் பற்றரியின் கறுப்புக் காலில் போய் விழ வேண்டும். உங்கள் வட்டையில் எப்படி வடியுமோ அப்படி.

சாமான் அநேகமாக என் மேசையின் கீழ் லாச்சியில் கிடக்கும். இல்லாவிட்டால் ஓட்டமாவடியில் றிஸ்வியின் கடைக்குப் போ. ஐசிக்கு எட்டுக் கால், முதுகில் 386 என்று எழுதியிருக்கும். எந்தக் காலுக்கு எது என்று பின்தாளில் எழுதியிருக்கிறேன். ஹெட்போனுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் வருகிறது. அதை விட்டுவிடாதே, சத்தம் அளவு மீறாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். முதலில் உன் காதில் வைத்துப் பார்க்காமல் அவள் காதில் வைக்காதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் திறக்காவிட்டாலும் உப்புத் தண்ணீர் அந்தக் கருவிகளைத் தின்றிருக்கும். நம்பினால் நம்பு.

உதயன்

*

பனிச்சங்கேணி
11.02.2025

உதயரூபனுக்கு,

தின்றிருக்குமோ இல்லையோ, அதைச் சொல்வதற்குக் கிளினிக்கில் ஆள் இருந்தது. இனிமேல் அந்தக் கதையை எழுதினால் என்னிடமிருந்து மறுமொழி வராது.

லாச்சியில் இருந்ததெல்லாம் சேற்றோடு சேர்ந்து கட்டியாகிவிட்டது. ஓட்டமாவடிக்குப் பஸ் ஏறினேன். உங்கள் தாளைப் பார்த்துவிட்டு றிஸ்வி நானா, "தங்கச்சி, அவர் வெளிய வந்தாப் பொறகு செஞ்சா என்ன? சும்மா கையச் சுட்டுக்கப் போறீங்க" என்றார். "அதுக்குள்ள புள்ளைக்குப் பேச்சுப் போயிரும் நானா" என்றேன். ஐசி ஒன்று கேட்டேன், இரண்டு தந்தார். "ஒண்டு கருகும். முதல் தடவ எல்லாருக்கும் கருகும்" என்றார். சொன்னமாதிரியே கருகியது.

யதுஷா பகலில் தூங்குகிற நேரம்தான் எனக்கு வேலை நேரம். ஈயம் பலகையில் பிடிக்காமல் என் விரலில்தான் பிடிக்கிறது. அண்ணன் ரதீஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள மறியலுக்குப் போனாலும் வீட்டில வேல நடக்குது" என்றான். பகிடியாகத்தான் சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் பூட்டிவிட்டேன். ஹெட்போனைக் காதில் வைத்தால் ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்டால்கூட ஒரு இரைச்சல் இருக்கும், இதில் அதுவும் இல்லை. வயரைப் பிடுங்கித் திரும்பப் பூட்டினேன், அப்போதும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு இருந்தபோது, யதுஷாவுக்கு எந்த நேரமும் இப்படித்தான் இருக்கும் என்று விளங்கியது. அவள் எழும்பி வருமட்டும் அழுதேன்.

பாலும் போய்விட்டது. கிளாசைத் தூக்கிக் காட்டுகிறாள், வாயைத் திறப்பதில்லை. போன கிழமை அப்பா என்பதும் போய்விட்டது. உங்கள் படத்தைக் காட்டினேன். சிரித்தாள், விரலால் தடவினாள், சத்தம் வரவில்லை. இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏன் நான் மட்டும் தாங்க வேண்டும்?

பெட்டி ஏன் செத்துக் கிடக்கிறது என்று எழுதுங்கள்.

விதுர்ஷா

*

20.02.2025

விதுர்ஷாவுக்கு,

என்னைத் தோட்ட வேலைக்கு விட்டிருக்கிறார்கள். உன் கடிதம் கிடைத்த அன்று மண்வெட்டியோடு சும்மா நின்றிருக்கிறேன். காவலுக்கு நின்றவர் கத்தியிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து தோளில் அடித்த பிறகுதான் திரும்பினேன். எழுதியது நல்லது. நீ எழுதாமல் விட்டு, நான் வந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

இப்போது வேலை. பற்றரியைக் கழற்றி அதன் இரண்டு காலையும் நாக்கில் வை. சுள்ளென்றால் பற்றரி நல்லது. பிறகு பூட்டி, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஐசியின் மூன்றாம் காலை நனைந்த விரலால் தொடு. ட்ர்ர் என்று வர வேண்டும். வந்தால் பம்புக்கு உயிர் இருக்கிறது, பிழை அதற்கு முன்னால். அப்படியானால் மைக்கைத் திருப்பிப் பார். முதுகில் இரண்டு ஈயப் பொட்டு இருக்கும். அதில் ஒன்று வெளித் தகரத்தோடு ஒட்டியிருக்கும், அதற்குத்தான் கறுப்பு வயர் போக வேண்டும். நீ மாற்றிப் பூட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். இதை முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். என் கை பழக்கத்தில் செய்வதால் வாயில் சொல்ல வரவில்லை.

என் இரண்டு கையும் இங்கே சும்மா கிடக்கின்றன, அங்கே உன் கை வேகிறது. படுத்தால் உன் பலகைதான் கண்ணுக்குள் வருகிறது. ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்க்கிறேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பைத்தியம் பிடிக்கிறது.

கெதியாக எழுது. வேலை செய்ததா இல்லையா என்று ஒரு வரி போதும்.

உதயன்

*

பனிச்சங்கேணி
03.03.2025

உதயரூபனுக்கு,

செய்யாமலே இருந்திருக்கலாம்.

மைக் மாறித்தான் இருந்தது. திருப்பிப் பூட்டினேன், உயிர் வந்தது. முதலில் என் காதில் வைத்தேன், கொஞ்சமாகத் திறந்து. கோழி கிளறுவதுகூடக் கேட்டது. அவ்வளவு சந்தோசம் எனக்கு. யதுஷாவைக் குந்தவைத்துப் போட்டுவிட்டு, "மகள்" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தேன், "மகள்" என்றேன். திரும்பினாள். கண் பெரிதாகியது. என் வாயைத் தொட்டாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நன்றாகக் கேட்கட்டும் என்று ஆசைப்பட்டு இன்னும் திறந்தேன்.

ஊளையிட்டது. பெட்டி தன் பாட்டுக்கு ஊவென்று கத்தத் தொடங்கியது, நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அவள் அலறினாள். தன் அலறலும் தன் காதுக்குள்ளேயே கேட்டிருக்கும், அதற்கும் சேர்த்துப் பயந்தாள். பிய்த்தெறிந்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். பற்றரியைப் பிடுங்கிய பிறகும் வெளியே வரவில்லை.

மறுநாளே கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் போடச் சொன்ன ரெசிஸ்டர் பிடித்துக்கொண்டது என்று மிஸ் சொன்னா. ஆனால் பயம் தெளியாமல் திரும்பப் போட வேண்டாம் என்றா. இப்போது நான் பக்கத்தில் போனாலே காதைப் பொத்துகிறாள். சீப்பால் தலை இழுக்க விடுவதில்லை. குளிப்பாட்டப் பிடித்தால் கடிக்கிறாள். முன்பு கேட்காத பிள்ளையாக இருந்தாள், இப்போது கேட்க மாட்டேன் என்கிற பிள்ளை. என்னை நம்பி உட்கார்ந்த பிள்ளைக்கு நான் செய்தது இது. "அவன்ட பேச்சக் கேட்டு இன்னொருக்காப் புள்ளைக்குச் சூடு வைக்காத" என்று அண்ணன் சொன்னான்.

பிழை என் கையில் என்று எழுதாதீர்கள். நீங்கள் எழுதியதை வரி வரியாகச் செய்திருக்கிறேன். வடிச்சலையும் நீங்கள் சொன்னபடிதான் விட்டேன், எங்கள் வட்டையில் வடிகிறமாதிரி. ஹெட்போன் வயலின் கறுப்பு வயரை ஐசி வயலுக்கு, ஐசியிலிருந்து வொலியூமுக்கு, வொலியூமிலிருந்து மைக்குக்கு, மைக்கிலிருந்து பற்றரிக்கு.

பெட்டியை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். எனக்கு இனி ஏலாது.

விதுர்ஷா

*

12.03.2025

விதுர்ஷாவுக்கு,

எறிந்துவிடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், எறிந்துவிடாதே.

உன் கடிதத்தில் வடிச்சல் விட்ட இடத்தைப் படித்துவிட்டு, என் பக்கத்துப் பாயில் படுக்கிற கந்தப்போடியிடம் போனேன். வாழ்நாள் முழுக்க வேளாண்மை செய்தவர். "வயல்ல தண்ணி எப்பிடி வடியிற?" என்று கேட்டேன். "மேல் வயலில இருந்து கீழ் வயலுக்கு, அதில இருந்து அடுத்ததுக்கு" என்றார். "ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனி வடிச்சல் இல்லையா?" என்றேன். "ஏன் தம்பி, வயலுக்கு வயல் வடிச்சல் வெட்டினா விதைக்க எங்க காணி மிஞ்சும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

நான் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். உங்கள் வட்டைக்குள் நான் இறங்கியது கல்யாணத்துக்குப் பிறகு, அதுவும் படம் பிடிக்க. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வடிச்சல் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன் என்று, எனக்குத் தெரியாததைச் சொல்லியிருக்கிறேன். நீ வயல்காரியாகச் சரியாகத்தான் செய்தாய்.

என்ன நடந்ததென்றால், ஹெட்போனில் இருந்து வடிகிற பெரிய தண்ணீர் மைக்கின் வயலுக்குள்ளால்தான் வெளியே போகிறது. மைக் அதையே திரும்பக் குடிக்கிறது, பம்ப் அதையே திரும்ப இறைக்கிறது. கொஞ்சமாகத் திறந்தால் தெரியாது. கூடத் திறந்தால் வரம்பு உடைந்தமாதிரி. அந்த ஊளை அதுதான்.

கறுப்பு வயர்களை எல்லாம் வெட்டிவிடு. ஒவ்வொன்றுக்கும் தனி வயர் எடுத்துப் பற்றரியின் கறுப்புக் காலில் ஒரே இடத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடு. ஒன்றை ஒன்று வழியில் தொடக்கூடாது. மைக்கின் வயரை ஹெட்போன் வயரிலிருந்து தள்ளி வை. பிறகு வொலியூமை முழுக்கத் திறந்து நீ கேள். ஊளையிட்டால் அவளிடம் கொண்டுபோகாதே, என் பேரைச் சொல்லி அடுப்பில் போடு.

யதுஷா உன்னைக் கடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. பயம் எப்படித் தெளியும் என்று எனக்குத் தெரியாது. வயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, விதுர்ஷா. இங்கே படுத்துக்கொண்டு எத்தனை தரம் யோசித்தாலும் அதுதான் மிச்சம்.

உதயன்

*

பனிச்சங்கேணி
06.04.2025

உதயரூபனுக்கு,

உங்கள் கடிதத்தை வந்தவுடன் பிரிக்கவில்லை. பிரித்தால் திரும்ப ஆசை வரும், அந்த ஆசைதான் பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே அனுப்பியது. பிறகு ஒருநாள் தா என்கிற சொல்லும் நின்றது. பிஸ்கட்டுக்குக் கையை மட்டும் விரித்தாள். அன்றைக்குப் பிரித்தேன்.

கறுப்பு வயர்களை வெட்டித் தனித்தனியாகக் கொண்டுபோய் முடிந்தேன். பார்க்க வடிவில்லை, வலை சிக்கின மாதிரி இருக்கிறது. முழுக்கத் திறந்து என் காதில் வைத்தேன். ஊளை இல்லை. மெல்லிய இரைச்சல், அதற்கு மேலே எங்கள் மா மரத்தில் அணில் கத்துகிறது. ஆனால் யாருக்குக் கொடுப்பது? ஹெட்போனைக் கண்டாலே அவள் வீட்டுப் பின்வளவுக்கு ஓடுகிறாள்.

அவளுக்குப் போடுவதை விட்டுவிட்டேன். நானே போட்டுக்கொண்டு திரிந்தேன். மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு சமைத்தேன், கூட்டினேன், துணி துவைத்தேன். "உனக்குமா காது போயிற்று?" என்று அண்ணன் கேட்டான். அவள் தூரத்தில் நின்று பார்ப்பாள். நான் அவளைப் பார்க்காதமாதிரி இருப்பேன். சில நாள் இது என்ன கூத்து என்று எனக்கே வெறுத்துப்போய்க் கழற்றி வைத்திருக்கிறேன். அடுத்த நாள் காலையில் திரும்பப் போட்டுக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டு இருந்தேன். பின்னால் வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். நான் அசையவில்லை. தன் தலையில் போட்டாள், ஒரு பக்கம் காதில், மற்றது கன்னத்தில். நான் செதில் சுரண்டினேன். குனிந்து கத்தியைப் பார்த்தாள். நான் நிறுத்தினால் என் கையைப் பிடித்துச் சுரண்டச் சொல்லி அழுத்துகிறாள். செதிலே இல்லாத மீனை எவ்வளவு நேரம் சுரண்டினேன் என்று தெரியாது. வளவில் அண்ணன் கன்றுக்குட்டியை, "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றான். அதையும் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு கழற்றினாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். கழற்றி என் தலையில் போட்டாள், இரண்டு காதிலும் சரியாக வைத்து அழுத்தினாள். என் சட்டையிலிருந்த மைக்கைப் பிடுங்கித் தன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "வா" என்றாள்.

அந்தச் சொல் அவளிடம் இருந்ததில்லை. வா என்றால் கேட்காத பிள்ளைக்கு யார் அதைச் சொல்லிக் கொடுப்பார்கள்? போய்த் தூக்கிக்கொண்டுதானே வருவோம். அவளும் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, தேவையென்றால் வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். இவ்வளவு காலமும் நான்தான் கூப்பிட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு முழ வயருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, முன்னால் குந்தியிருக்கிற என்னைப் பார்த்து வா என்கிறாள். என் காதுக்குள் அவள் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. மீன் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் போடுகிறாள். போன சொற்கள் ஒன்றும் திரும்பி வரவில்லை. வருமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "பாப்பம்" என்றா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களில் உள்ள கோபம் போகவில்லை, போய்விட்டது என்று பொய் எழுதவும் மாட்டேன். ஆனால் யதுஷா எங்கள் எல்லாருடைய குரலையும் திரும்பப் படிக்கிறாள். என் குரலை நான் கொடுக்கலாம், அண்ணன் தன்னுடையதைக் கொடுக்கிறான். உங்களுடையதை நான் எங்கே போய் எடுப்பேன்? படத்தைக் காட்டலாம், குரலைக் காட்ட முடியாது. நீங்கள் வெளியே வருமுன் அவளுக்கு நாலு வயது கடந்துவிடும்.

வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் வருகிறோம். பெட்டியையும் கொண்டுவருகிறேன். வயரும் பற்றரியுமாக இருப்பதைப் பார்த்து வாசலில் மறிப்பார்கள் என்று அண்ணன் சொல்கிறான். மறிக்கட்டும், கேட்டுப் பார்க்கிறேன், காலில் விழுந்தும் கேட்கிறேன். அதற்கும் விடாவிட்டால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள்தான் கத்த வேண்டும். எத்தனை பேர் பார்த்தாலும் பரவாயில்லை, பிள்ளை திரும்பிப் பார்க்குமட்டும் கத்துங்கள்.

விதுர்ஷா